கைத்துப்பாக்கித் தோட்டாவின் வலு எதுவரை போகும்?

காரைக்குடியில் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி கேட்டது இது: "கைத்துப்பாக்கித் தோட்டாவை எவ்வளவு வலுவாகச் செய்ய முடியும்? வங்கியில் காவலுக்கு நிற்கும் சித்தப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை விட வலுவான ரிவால்வர் உண்டு என்கிறான் நண்பன், உண்மையா? உருக்கும் வெடிமருந்தும் நன்றாக இருந்தால் எல்லையே இல்லாமல் ஏற்றிக்கொண்டு போகலாமா? இன்னொன்று, எங்கள் பெரிய வீட்டில் பங்காளிகள் கூடிப் பழைய பெட்டகத்தைத் திறந்தபோது, பர்மாவில் தொழில் நடந்த காலத்துச் சாமான்களோடு அடியில் .455 என்று பொறித்த சில தோட்டாக்கள் கிடைத்தன. அவை எந்த அளவுக்கு வலுவானவை, என்ன செய்வது?"

நண்பர் சொன்னது உண்மைதான், தம்பி. ஆனால் எல்லை இல்லாமல் ஏற்ற முடியாது. அந்த எல்லை உருக்கில் இல்லை. மனிதனின் மணிக்கட்டில் இருக்கிறது. உருக்கு இன்னும் தாங்கும் என்ற இடத்திலேயே கை தாங்காமல் போய்விடுகிறது. கணக்கோடு பார்த்தால் இது விளங்கும்.

முதலில் இப்போதிருக்கும் தோட்டாக்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்போம். நம் நாட்டில் உரிமம் பெற்றவர்கள் கையில் அதிகம் இருக்கும் .32 ரிவால்வரின் (இந்தப் புள்ளி எண்கள் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை) குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 150 முதல் 175 ஜூல். உலகெங்கும் போலீஸ் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் தோட்டா 480 ஜூல் அளவில் இருக்கும். 1935-ல் வந்த .357 மேக்னம் (மேக்னம் என்றால் மருந்து கூடுதலாக ஏற்றிய வலுவான ரகம்) 700 ஜூலைத் தாண்டியது. 1955-ல் வந்த .44 மேக்னம், 15.5 கிராம் குண்டை விநாடிக்கு 427 மீட்டரில் தள்ளி 1,400 ஜூல் தருகிறது. டிக் கசல் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் 1950-களின் இறுதியில் உருவாக்கிய .454 கசல் 2,400 ஜூலை எட்டுகிறது. 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் கார்பான் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த .500 மேக்னம் 26 கிராம் குண்டை விநாடிக்கு 510 மீட்டரில் அனுப்புகிறது: 3,370 ஜூல். அதே தோட்டாவில் எடை குறைந்த குண்டுகளைப் போட்டு 4,000 ஜூல் வரை தொட்ட வகைகளும் கடைகளில் விற்கின்றன.

இப்போது சித்தப்பாவின் துப்பாக்கி. 12 போர் (குழல் துளையின் அளவு) தோட்டாவில் ஏறக்குறைய 30 கிராம் ரவை, அதாவது சின்ன ஈயக் குண்டுகள், விநாடிக்கு 380 மீட்டர் வேகம் என்று வைத்தால் மொத்தம் 2,200 ஜூல் வரும். அது பல ரவைகளுக்குள் பிரிந்து போகிற ஆற்றல் என்பது வேறு விஷயம். எண்ணை மட்டும் பார்த்தால் .44 மேக்னம் அதற்குக் கீழே, .454 கொஞ்சம் மேலே, .500 மிக மேலே. அதைவிட வியப்பானது, இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கிய .303 ரைபிளின் ஆற்றல் சுமார் 3,100 ஜூல். அந்த ரைபிளை விட அதிக ஆற்றல் கையில் பிடிக்கும் ஒரு ரிவால்வரிலிருந்து வெளியேறுகிறது.

அப்படியானால் எல்லை எங்கே வந்தது என்கிறீர்களா? குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அந்த உதைப்பின் கணக்கை இரண்டு வரியில் போட்டுவிடலாம். குண்டின் எடையை வேகத்தால் பெருக்குங்கள். எரிந்த மருந்தின் வாயுவும் பின்னாலேயே அதைவிட வேகமாகப் பாய்கிறது, அதன் பங்கையும் கூட்டுங்கள். வரும் உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் துப்பாக்கி பின்னே வரும் வேகம் கிடைக்கும். .500-க்கு இப்படிப் போட்டால், குண்டின் பங்கு 13, வாயுவின் பங்கு 3, மொத்தம் ஏறக்குறைய 16.5 கிலோகிராம் மீட்டர்/விநாடி. ரிவால்வரின் எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். எனவே அது விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கையை நோக்கி வருகிறது. உதைப்பின் ஆற்றல் 65 ஜூல். ஆறரைக் கிலோ அம்மிக்குழவி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் விழுவதற்குச் சமம், அதுவும் கண் இமைப்பதற்குள்.

அதே கணக்கில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் 5 ஜூல்தான் உதைக்கும். .44 மேக்னம் 26 ஜூல். .303 ரைபிள் 4 கிலோ எடை இருப்பதால் 16 ஜூல். சித்தப்பாவின் ரெட்டைக்குழல் 40 ஜூல் பக்கம் வரும், ஆனால் அதைத் தோள் வாங்கிக்கொள்கிறது, உடம்பு பின்னால் சாய்ந்து கொடுக்கிறது. ரிவால்வருக்கு அந்த வசதி கிடையாது. குழல் மணிக்கட்டுக்கு மேலே இருப்பதால் உதைப்பு நேராக மட்டும் வருவதில்லை, துப்பாக்கியை மேல்நோக்கிச் சுழற்றவும் செய்கிறது. கட்டைவிரலின் அடிப்பகுதியும் மணிக்கட்டு மூட்டும்தான் அதைத் தாங்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே எடைக் குண்டில் ஆற்றலை இரண்டு மடங்காக்க நினைத்தால் உந்தம் 1.4 மடங்காகும். உதைப்பு ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதுவும் இரண்டு மடங்காகும். அதைப் பழைய அளவிலேயே வைக்க ஒரே வழி, துப்பாக்கியின் எடையை இரண்டு மடங்காக்குவது. அதாவது .500-ஐப் போல இருமடங்கு ஆற்றல் வேண்டுமென்றால் 4 கிலோ ரிவால்வர் வேண்டும். நீட்டிய கையில் 4 கிலோவைப் பிடித்துக் குறி பார்க்க முடியாது, சில நொடிகளில் முனை ஆடத் தொடங்கிவிடும். ஆஸ்திரியாவில் யானை வேட்டைக்கான .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிள் தோட்டாவை வைத்துச் சுடும் ஃபைஃபர் செலிஸ்கா என்ற ரிவால்வரைச் செய்தார்கள். எடை 6 கிலோ. செய்ய முடியும் என்று அது காட்டியது. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் கருவி அல்ல அது. எனவே நடைமுறை எல்லை என்றால் 3,500 முதல் 4,000 ஜூல் என்பேன். அதற்கு மேல் உள்ளவை காட்சிப் பொருள்கள், அல்லது கைப்பிடி மட்டும் வைத்த ரைபிள்கள்.

எடை குறைந்த குண்டை வேகமாக அனுப்பினால் குறைந்த உதைப்பில் அதிக ஆற்றல் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். 2005-ல் வந்த .460 மேக்னம் அந்த வழியில்தான் போனது. 13 கிராம் குண்டு, விநாடிக்கு 670 மீட்டர், 2,900 ஜூல். குண்டின் உந்தம் .500-இன் குண்டை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆற்றல் ஏழில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் இதற்கு விலை உண்டு. அந்த வேகத்துக்கு நிறைய மருந்து எரிய வேண்டும், குழலோ நீளக் குறைவு. எரிந்து முடியாத மருந்து குழலின் வாய்க்கு வெளியே தீப்பந்தாகப் போகும், வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். 140 டெசிபலே ஒரு தடவையில் காதைக் கெடுக்கப் போதும். இந்த வகைத் துப்பாக்கிகளின் சத்தம் 160-ஐத் தாண்டும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கத் துளையிட்ட தடுப்பான் வைத்தால் உதைப்பு இறங்கும், ஆனால் வாயு பக்கவாட்டில் திரும்பிச் சுடுபவர் காதுக்கே சத்தம் கூடும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி என்று இரண்டும் போட்டுக்கொள்ளாமல் இவற்றின் அருகே நிற்கவே கூடாது.

ரிவால்வரில் இன்னொரு பலவீனமான இடம், தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கொதிக்கும் வாயு அதன் வழியே கத்தி போலப் பாயும். .500 போன்றவற்றில் இடது கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடித்தவர்களுக்கு விரல் கிழிந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. பிஸ்டல் பிடிக்கும் பழக்கத்தில் ரிவால்வரைப் பிடிப்பதால் வரும் வினை இது. அதே வாயு சிலிண்டருக்கு மேலுள்ள சட்டத்தின் உருக்கையும் அரிக்கும். 1980-களின் தொடக்கத்தில் ரூகர் நிறுவனம் .357 மேக்ஸிமம் என்ற நீளத் தோட்டாவுக்கு ரிவால்வர் வெளியிட்டு, எடை குறைந்த வேகக் குண்டுகளால் மேல்சட்டம் அரிபடுவதைக் கண்டு விரைவிலேயே உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது உங்கள் பாடத்துக்கு வருவோம். அழுத்தத்தைப் பாருங்கள். .32 ரிவால்வர் தோட்டாவுக்கு அதிகபட்சம் 15,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு). 9 மில்லிமீட்டருக்கும் .357 மேக்னத்துக்கும் 35,000. .44 மேக்னத்துக்கு 36,000. .500-க்கு 60,000. .454 கசலுக்கும் .460-க்கும் 65,000, இது ரைபிள்களின் அழுத்தம். .500-ஐ எடுத்துக்கொள்வோம். 60,000 பிஎஸ்ஐ என்பது 414 மெகாபாஸ்கல். தோட்டா அறையின் உள்விட்டம் 13.4 மில்லிமீட்டர், சுவர் 4 மில்லிமீட்டர் என்று வைத்து, தடித்த சுவர் உருளைக்கான லாமே சூத்திரத்தில் போடுங்கள். உட்சுவரில் வளைய இழுவிசை 940 மெகாபாஸ்கல் பக்கம் வரும். சாதாரண மைல்டு ஸ்டீல் 250-இல் விட்டுக்கொடுத்துவிடும். வெப்பப் பதப்படுத்திய உயர்தரக் கலப்பு உருக்கில்தான் இது நிற்கும்.

சிலிண்டரில் ஆறு அறைக்குப் பதில் ஐந்து வைப்பது இதனால்தான். ஒன்று, அறைகளுக்கு நடுவில் உருக்கு கூடும். அதைவிட நுணுக்கமான காரணம் ஒன்று உண்டு: சிலிண்டர் சரியான இடத்தில் நிற்பதற்காக வெளிப்புறத்தில் வெட்டும் காடிகள் ஆறு அறைச் சிலிண்டரில் அறையின் மிக மெல்லிய சுவருக்கு மேலேயே விழும். ஐந்து அறை என்றால் அவை இரண்டு அறைகளுக்கு நடுவில், தடிமனான இடத்தில் விழும். கசல் ஐந்து அறைக்குப் போனார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500-க்காகப் புதிதாக ஒரு பெரிய சட்டத்தையே செய்து, சிலிண்டரை 49 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுபோய், அதிலும் ஐந்து அறைதான் வைத்தது. .454-க்கு ஆறு அறை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த ரூகர், கார்ப்பென்டர் 465 என்ற விலையுயர்ந்த வலுவான உருக்குக்குப் போக வேண்டியிருந்தது. அதாவது உருக்குப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது: அறையைக் குறை, சிலிண்டரைப் பெருக்கு, நல்ல உருக்கைப் போடு. ஆனால் சிலிண்டரைப் பெருக்கப் பெருக்க குழல் மணிக்கட்டிலிருந்து இன்னும் உயரே போகும், சுழற்சி கூடும். அங்கேயும் கடைசியில் கைதான் தடுக்கிறது.

தானியங்கிப் பிஸ்டலில் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் முழு நீளம் 30 மில்லிமீட்டருக்குள், எல்லார் கையிலும் அடங்கும். டெஸர்ட் ஈகிள் பிஸ்டலின் .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் 41 மில்லிமீட்டர், பெரிய கை உள்ளவருக்கே அந்தக் கைப்பிடி திணறும். ஆற்றல் 2,000 ஜூல் பக்கம். .500-இன் நீளம் 50 மில்லிமீட்டரைத் தாண்டும், அதைக் கைப்பிடிக்குள் வைத்தால் பிடிக்க விரல் எட்டாது.

விட்டத்துக்கு ஒரு சட்ட வரம்பும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அரை அங்குலத்துக்கு மேல் துளை விட்டமுள்ள துப்பாக்கி, விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கான விலக்கு இல்லாவிட்டால், 'அழிவுக் கருவிகள்' என்ற வகையில் சேர்ந்துவிடும். .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் முதலில் 0.51 அங்குலக் குண்டோடு வடிவமைக்கப்பட்டு, பிறகு சரியாக 0.50-க்கு இறக்கப்பட்டது. இந்தத் தோட்டாக்கள் எல்லாம் அந்தக் கோட்டிலேயே வந்து நிற்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

வலுவான தோட்டாக்களில் நடைமுறையில் எவை கெடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், வலு பற்றிய பேச்சில் இது விட்டுப்போகிறது. முதல் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னே வருகிறது. மற்ற அறைகளில் உள்ள தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளும் அதோடு வருகின்றன. ஆனால் கூட்டின் வாயில் செருகிய கனமான குண்டு நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய்விளிம்பை இறுக்கமாக மடித்திருக்காவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, சிலிண்டரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டு, சட்டத்தில் இடித்துச் சிலிண்டரையே சுழலவிடாமல் பூட்டிவிடும். கூட்டின் அடியிலுள்ள பிரைமரும் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தாக்குப்பிடிக்க வேண்டும். .500-க்கு முதலில் பெரிய பிஸ்டல் பிரைமரைத்தான் வைத்தார்கள். பிறகு தடித்த உலோகம் கொண்ட பெரிய ரைபிள் பிரைமருக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இரட்டை வெடி. உதைப்பில் துப்பாக்கி கையில் வழுக்குகிறது, கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கிறது, அந்த இறுக்கத்தில் விசை மறுபடி அழுந்திவிடுகிறது. அப்போது குழல் வானத்தையோ சுடுபவரின் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். இதனால்தான் இந்த ரகத்தை முதன்முதலில் கையில் எடுப்பவருக்குச் சுடுதளத்தில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும், மற்ற அறைகள் காலியாக இருக்க வேண்டும். எந்தப் பயிற்றுநரும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு பெரிய நிறுவனமே செய்துபார்த்த சோதனை இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1980-களின் இறுதியில் 10 மில்லிமீட்டர் என்ற வலுவான தோட்டாவுக்குப் போனது. ஆற்றல் .357 மேக்னத்துக்கு இணையானது, அசுர வலு என்று சொல்ல முடியாது. அப்படியும் எல்லா அதிகாரிகளாலும் அதை வேகமாகவும் குறியாகவும் சுட முடியவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு பெரிய கூடு தேவையில்லை என்று 1990-ல் கூட்டையே குறுக்கி .40 தோட்டா பிறந்தது. பிறகு 2010-களில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டார்கள். பயிற்சி பெற்ற பலதரப்பட்ட கைகளுக்கு நடைமுறை எல்லை 500, 600 ஜூல் பக்கம்தான் என்பதை இது காட்டுகிறது. விடாமல் பழகும் சிலருக்கு .44 மேக்னம். அதற்கு மேலே உள்ளவை கரடி உலவும் அலாஸ்கா போன்ற இடங்களிலும் வேட்டை சட்டபூர்வமாக நடக்கும் நாடுகளிலும் ஒன்றிரண்டு தடவை சுடுவதற்கானவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் அவற்றுக்கு வேலையே இல்லை.

இனி உங்கள் பெட்டகத்துத் தோட்டாக்கள். .455 என்பது வெப்லி ரிவால்வருக்கான பிரிட்டிஷ் தோட்டா. 17 கிராம் குண்டு, விநாடிக்கு 190 மீட்டர் அளவிலான மந்த வேகம், சுமார் 310 ஜூல். பருமனைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் 9 மில்லிமீட்டரின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். அழுத்தமும் மிகக் குறைவு. இதில் ஒரு பாடம் இருக்கிறது: குண்டின் பருமன் வேறு, தோட்டாவின் வலு வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் விற்ற வெப்லிகள் பலவற்றின் சிலிண்டரைப் பின்புறம் சீவி, .45 பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் 21,000 பிஎஸ்ஐ, வெப்லி தாங்கும் அளவைத் தாண்டியது, சிலிண்டர்கள் வெடித்ததும் உண்டு. வலு கூடிய தோட்டாவைப் பழைய துப்பாக்கிக்குள் போட முடியாதபடி செய்வதற்காகவே .357 மேக்னத்தின் கூட்டை .38 ஸ்பெஷலை விட 3.4 மில்லிமீட்டரும், .454-இன் கூட்டைப் பழைய .45 கோல்ட்டை விட 2.5 மில்லிமீட்டரும் நீளமாக வைத்தார்கள்.

அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், அடியில் தட்டிப்பார்க்க வேண்டாம், குண்டைப் பிடுங்கி மருந்தைப் பார்க்கவும் வேண்டாம். இத்தனை காலம் பெட்டகத்தில் கிடந்த பித்தளையில் பச்சை பூத்திருந்தால் கூட்டில் விரிசல் விழுந்திருக்கலாம், உள்ளே மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடவே கூடாது. குழல் இல்லாமல் வெடிக்கும்போது குண்டு பெரிய தூரம் போகாது, ஆனால் கூடு சிதறி, பித்தளைத் துண்டும் பிரைமரும் கண்ணில் பாயும். கிணற்றிலோ ஊருணியிலோ எறிந்தால் பின்னால் தூர் வாருபவர் கையில் கிடைக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் மற்றச் சாமான்களோடு கலந்து கொடுத்துவிடவும் கூடாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம்தான், துப்பாக்கி இல்லாவிட்டாலும். அதிலும் .455, 9 மில்லிமீட்டர் போன்றவை தடைசெய்யப்பட்ட துளை அளவு வகையில் வருபவை, கலெக்டர் அலுவலகத்தில் சாதாரணமாக உரிமம் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தையும் தோட்டாவையும் வீண் தாமதமின்றிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. பைக்குள் போட்டு நீங்களே பேருந்தில் எடுத்துப் போக வேண்டாம். கிடைத்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, எத்தனை தோட்டா, அடியில் என்ன பொறித்திருக்கிறது, எப்போது யார் முன்னிலையில் பெட்டகம் திறக்கப்பட்டது என்பதை எழுதி, பங்காளிகள் இரண்டு மூன்று பேர் கையெழுத்திட்டு, உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். வந்து எடுத்துப் போவார்கள். ஒப்படைத்ததற்கு எண்ணிக்கை குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டகத்தில் பழைய துப்பாக்கி உரிமப் புத்தகம் ஏதாவது இருந்தால் அதையும் காட்டுங்கள். அதில் எழுதியிருக்கும் ரிவால்வர் எங்கே போனது என்பதுதான் அவர்கள் அடுத்துக் கேட்பது.